தூக்கி வந்தவர்

(கீரனூரில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"காலம் கெட்டுப்போச்சு. ரோட்டுல ஒருத்தன் அடிபட்டுக் கிடந்தா திரும்பிப் பார்க்க ஆளில்லை." இந்தப் பேச்சை எந்த டீக்கடையிலும் கேட்கலாம். சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனாலும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. இரக்கம் வற்றிப்போன சீமையாக இது எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்துச் சாலைகளையே பாருங்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனியை நோக்கி ஊர் ஊராக ஜனங்கள் நடந்து வருகிறார்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் என்று வருகிறது. கொங்குச் சீமைக்காரர்கள் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடி கட்டி வருகிறார்கள். வழிநெடுக மோர்ப் பந்தல், தண்ணீர்ப் பந்தல், புளிசாதப் பொட்டலம், கொப்புளம் வெடித்த காலுக்கு மருந்து. கொடுக்கிறவருக்கு வாங்குகிறவரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வெயிலில் மயங்கி விழுந்த பெரியவரை நாலு பேர் ஓடிவந்து தூக்கி, நிழலில் படுக்கவைத்து, துண்டால் விசிறுகிறார்கள். அவர் கண் திறந்ததும் "எந்த ஊருங்கய்யா?" என்று விசாரிக்கிறார்கள். விசாரணை பிறகுதான்; தூக்குவது முதலில்.

இது பக்தி, புண்ணியம் கிடைக்கும் என்று செய்கிறார்கள் என்பீர்கள். சரி, பக்தி இல்லாத இடத்துக்குப் போவோம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. தென்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஒரு வருஷ மழைக்கும் மேலே ஒரே நாளில். அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் சுமார் 800 பேர். கோவிலுக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள், கைக்குழந்தைகள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் முதியவர்கள். அவர்களில் சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் சாலையும் அறுந்தது. மிச்சமிருந்த 500 பேரைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர்.

பக்கத்தில் புதுக்குடி என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர்களுக்கும் வெள்ளம்தான், அவர்கள் வீட்டிலும் ஈரம்தான். ஆனால் ரயிலில் ஜனங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டிலிருந்த அரிசி பருப்பைச் சேர்த்துக் கோவிலில் உலை வைத்தார்கள். 19ஆம் தேதி மீட்புக் குழுவினர் வந்து, பயணிகளை வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுபோய்ச் சிறப்பு ரயிலில் ஏற்றும்வரைக்கும் அந்த ஊர்ச் சோறு தாங்கியது. ராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் ரயில்வேயும் தங்கள் பங்கைச் செய்தன. அதை நான் குறைக்கவில்லை. அவர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு அம்மாவின் பிள்ளைக்குப் பசித்தது அல்லவா, அந்த நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது அந்நியர்களின் நேரம்.

ஆகவே கேள்வி இதுதான். தையில் மோர் நீட்டும் கை, மார்கழி வெள்ளத்தில் உலை வைக்கும் கை, இதே சாலையில் ஆடி மாதத்து ராத்திரியில் ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்து கிடப்பதைப் பார்த்தால் ஏன் பின்னால் இழுத்துக்கொள்கிறது? மனம் ஆறு மாதத்தில் மாறிவிடுமா?

மாறாது. மோர் கொடுத்தவனை எந்தக் கோர்ட்டும் கூப்பிடுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

"போலீஸ் கேஸ் ஆயிரும்ப்பா, நமக்கு எதுக்கு வம்பு." இந்த வாக்கியம் நம் ஜனங்கள் வாயில் எப்படி ஏறியது என்று பார்க்க வேண்டும். சும்மா ஏறவில்லை. அனுபவத்தில் ஏறியது. 1980களில் வடநாட்டில் ஒரு ஸ்கூட்டர்காரரைக் கார் அடித்துவிட்டுப் போகிறது. யாரோ ஒரு புண்ணியவான் அவரை அள்ளிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுகிறார். அங்கே, இது விபத்து வழக்கு, நாங்கள் பார்க்க அனுமதியில்லை, 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் என்கிறார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விடுகிறது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு பர்மானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. உயிரைக் காப்பது முதல் வேலை, போலீஸ் நடைமுறையெல்லாம் அதற்கப்புறம்; அரசு மருத்துவராக இருந்தாலும் தனியார் மருத்துவராக இருந்தாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது.

அது டாக்டருக்குச் சொன்ன தீர்ப்பு. தூக்கி வந்தவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்காக ஒரு தீர்ப்பு வர இன்னும் 27 வருஷம் ஆனது.

அதற்கும் ஒரு குடும்பத்தின் துக்கம் காரணமாக வேண்டியிருந்தது. 2007இல் தில்லியில் 17 வயதுப் பையன் ஒருவன் பள்ளியிலிருந்து திரும்பும்போது வண்டியில் அடிபட்டான். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் சாலையில் கிடந்தான். கூட்டம் நின்று பார்த்தது, யாரும் தொடவில்லை. அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி மறு வருஷம் 'சேவ்லைஃப்' அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர்கள் 2013இல் நடத்திய கணக்கெடுப்பில், ஏறக்குறைய நாலில் மூன்று பேர், அதாவது நூற்றுக்கு 74 பேர், விபத்தில் சிக்கியவருக்கு உதவத் தயங்குவோம் என்றார்கள். காரணம் கேட்டபோது அவர்களில் நூற்றுக்கு 88 பேர் சொன்னது சட்டத் தொல்லை. இரக்கம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை பாருங்கள். அந்த அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், மத்திய அரசு வகுத்திருந்த வழிகாட்டு நெறிகளை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2020 செப்டம்பரில் அதற்கான விதிகள் வந்தன.

அந்த விதிகள் என்ன சொல்கின்றன? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இதற்காகத்தான் நான் வந்தேன். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது. விலாசம், போன் நம்பர் எதுவும் தர வேண்டியதில்லை. விருப்பப்பட்டால் தரலாம். சேர்த்துவிட்டு உடனே கிளம்பலாம். அவரிடம் மருத்துவமனை பணம் கட்டச் சொல்லக் கூடாது. மதம், சாதி, ஆண், பெண் என்று பார்க்காமல் அவரை மரியாதையாக நடத்த வேண்டும். அவரே மனமுவந்து சாட்சியாக இருக்கிறேன் என்றால்தான் விசாரணை. அதுவும் அவருக்குத் தோதான நேரத்தில், அவர் வீட்டிலோ வேலைசெய்யும் இடத்திலோ நடத்தலாம். வருகிற அதிகாரி சீருடை இல்லாமல் வர வேண்டும். நல்லெண்ணத்தோடு தூக்கிப்போகும்போது அடிபட்டவருக்குக் கூடுதலாக ஏதாவது ஆகிவிட்டாலும், அதற்காக இவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது.

இவ்வளவு நல்ல சட்டம். ஆனால் உச்ச நீதிமன்றம் சொல்லி இரண்டு வருஷம் கழித்து, 2018இல் அதே அறக்கட்டளை மறுபடியும் கேட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கு 84 பேருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே தெரியவில்லை. ரேஷன் கடையில் என்றைக்குச் சர்க்கரை வருகிறது என்பது அரைமணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவுகிறது. இது பரவவில்லை.

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. எழுதியவர்கள் விட்ட ஓட்டை அல்ல. எந்தச் சட்டத்தாலும் அடைக்க முடியாதது. போலீஸிடமிருந்தும் மருத்துவமனையிடமிருந்தும் தூக்கி வந்தவரைச் சட்டம் காப்பாற்றிவிட்டது. அடிபட்டவரின் சொந்தக்காரர்களிடமிருந்து யார் காப்பாற்றுவது?

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் சித்தப்பா மகன், மனைவியையும் கைக்குழந்தையையும் வண்டியில் வைத்துக்கொண்டு ஒரு கல்யாண வீட்டிலிருந்து ராத்திரி திரும்பியிருக்கிறான். கீரனூர்ப் பக்கம் நாய் குறுக்கே வந்துவிட்டது. இவனுக்குக் கால் முறிவு, நெற்றியில் ரத்தம். அவளுக்குத் தோளில் அடி. குழந்தைக்குக் கடவுள் புண்ணியத்தில் கீறல்கூட இல்லை. முதலில் வந்து நின்றது முருங்கைக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குட்டியானை வண்டி. டிரைவர் இறங்கினார். பாதி மூட்டையைச் சாலையோரம் இறக்கிப்போட்டார். படுதாவை மடித்துப் போட்டு இரண்டு பேரையும் படுக்கவைத்தார். சத்தம் கேட்டு அருகிலிருந்த வீட்டிலிருந்து வந்த, தலையில் முக்காடிட்ட ஒரு அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டார். "புள்ளையப் பத்திக் கவலப்படாதம்மா, எந்நேரமானாலும் வந்து வாங்கிக்கலாம்" என்றார். ஏழு மாதக் குழந்தையை முன்பின் தெரியாத வீட்டில் கொடுத்துவிட்டுப் போக ஒரு தாய்க்கு எப்படி மனம் வந்தது என்று பிற்பாடு கேட்டேன். "அந்தம்மா வாங்கின விதத்துலயே தெரிஞ்சுதுங்க" என்றாள். அதற்கு மேல் விளக்கம் எனக்கும் தேவைப்படவில்லை.

மருத்துவமனை வாசலுக்கு முதலில் வந்து சேர்ந்த சொந்தக்காரர், அவளுடைய தாய்மாமன். சட்டையெல்லாம் ரத்தமாக நின்ற டிரைவரைப் பார்த்தார். நேரே போய்ச் சட்டையைப் பிடித்தார்.

"நீதான் இடிச்சே?"

"இல்லீங்கண்ணா, கீழ கெடந்தாங்க, தூக்கிட்டு வந்தேன்."

"இடிக்காதவன் எதுக்குடா தூக்கிட்டு வர்றே?"

இந்தக் கேள்வியைக் கவனியுங்கள். உதவி செய்தான் என்பதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் கையைத் தூக்கி, "மாமா, அவர் இல்லை, நாய்" என்று சொன்ன பிறகுதான் பிடி தளர்ந்தது. அப்புறம் மன்னிப்பு, அழுகை, கையில் பணத்தைத் திணிப்பது எல்லாம் நடந்தது. டிரைவர் பணத்தை வாங்கவில்லை. மார்க்கெட் ஏலம் போய்விட்டது, காயின் விலையும் போய்விட்டது. கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "அடுத்த தடவை கொஞ்சம் யோசிப்பேங்கண்ணா."

அந்த மனிதர் அடுத்த தடவை யோசிக்கிற அரை நிமிஷத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை சாலையில் கிடக்கலாம். பதறிப்போன குடும்பத்தைக் குறை சொல்லாதீர்கள் என்பீர்கள். நியாயம்தான். பதற்றத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது. அதனால்தான் இதைப் பதற்றம் இல்லாத இந்த நேரத்தில் சொல்கிறேன்.

கூட்டத்தின் ஆத்திரமும் இதே சங்கதிதான். விபத்து நடந்ததும் டிரைவரை இழுத்துப்போட்டு அடிப்பது நம் ஊர்களில் ஒரு வழக்கமாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். விபத்தில் சம்பந்தப்பட்ட டிரைவரே அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டு, கும்பலின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் ஒழிய என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. நம்மை நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம்! அடிக்கு பயந்து டிரைவர் ஓடுகிறான். அடிபட்டவனை உடனே ஏற்றிப் போயிருக்கக்கூடிய வண்டி சாவி இல்லாமல் அங்கேயே நிற்கிறது.

2022இல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் இப்படிச் சாகிறவர்களில் பாதிப் பேரையாவது காப்பாற்றலாம் என்று சட்ட ஆணையம் 2006இலேயே தன் 201ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் மனைவி பக்கத்தில் இருக்கமாட்டாள், அண்ணன் தம்பி இருக்கமாட்டார்கள். இருக்கப்போவது யாரோ ஒருவர்தான்.

அந்த யாரோ ஒருவராக நாளைக்கு நீங்கள் நிற்கலாம். அப்போது செய்ய வேண்டியதில் ஓரிரண்டை மட்டும் சொல்கிறேன். நம் ஊரில் விழுந்தவன் முகத்தில் சோடா அடிப்போம், வாயில் தண்ணீர் ஊற்றுவோம், வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். மூன்றும் வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், அவ்வப்போது எடுத்துப் பார்க்காதீர்கள். ஹெல்மெட்டை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். கழுத்தெலும்பு என்ன நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 108 வருகிறது என்றால், அடிபட்டவரை மடக்கித் தூக்காமல் அவர்கள் வரும்வரை கூடவே இருங்கள்.

108 என்றதும் கீரனூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கட்டுப்பாட்டு அறை இருப்பது சென்னையில். நம் ஊர் எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜாவின் நாவல்களைப் படித்த வாசகனுக்கு எந்தக் கீரனூர் என்று சட்டெனத் தெரியும். போன் எடுக்கும் பெண்ணுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. புதுக்கோட்டைப் பக்கமும் ஒரு கீரனூர் இருக்கிறது. ஆகவே பதற்றத்தில் "கீரனூர், கீரனூர்" என்று கத்தாமல், திண்டுக்கல் மாவட்டம், பழனி வட்டம், கீரனூர் என்று சொல்லுங்கள். கூடவே பள்ளிவாசலோ பள்ளிக்கூடமோ பெட்ரோல் பங்கோ ஒரு அடையாளமும் சொல்லுங்கள்.

செலவைப் பற்றிய பயமும் பலருக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்ட வேண்டியதில்லை. அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் சரி. தொடங்கும்போது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். தூக்கி வந்தவருக்கு வெகுமதியும் உண்டு. மத்திய அரசு 2021இல் 5,000 ரூபாய் என்று தொடங்கியது; 2025இல் அதை 25,000 ஆக்குவதாக அறிவித்தது. கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் என் கட்சி வேறு. அந்த முருங்கைக்காய் டிரைவருக்குத் தேவைப்பட்டது பணமல்ல. உட்கார ஒரு நாற்காலி, ரத்தத்தைக் கழுவக் கொஞ்சம் தண்ணீர், "நீங்க கிளம்புங்க தம்பி, உங்களை யாரும் கேட்க மாட்டாங்க" என்று ஒரு வார்த்தை.

அடிபட்டவரின் குடும்பங்கள் எப்போதும் உதவி வாங்குகிற இடத்திலேயே இருக்கின்றன என்றும் நினைக்க வேண்டாம். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். தாங்கமுடியாத அந்த நேரத்திலும் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் மருத்துவமனைக்கு அந்த இதயம் போய்ச்சேர, நெரிசலான சென்னையில் போலீஸ் வழி ஒதுக்கித் தந்ததால், 11 நிமிடம்தான் ஆனது. அங்கே காத்திருந்தது முன்பின் தெரியாத ஒரு சிறுமி. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றிய பேச்சே அதற்குப் பிறகு மாறியது. இப்போது உறுப்பு கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை தருகிறார்கள். 2023 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தது. விபத்தில் நொறுங்கிய ஒரு குடும்பமே இன்னொரு குடும்பத்துக்கு அந்நியராக வந்து நின்றது, அவ்வளவு துக்கத்திலும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2020 விதிகளின்படி, உதவி செய்தவரின் உரிமைகளை எழுதிய பலகை ஒவ்வொரு மருத்துவமனையிலும், நுழைவாயிலிலோ கண்ணில் படும் வேறு இடத்திலோ, நம் மொழியிலும் இருக்க வேண்டும். அடுத்த முறை காய்ச்சலுக்கோ பிரசவம் பார்க்கவோ எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நின்று படியுங்கள், கூட வந்தவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அங்குள்ள அதிகாரியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் வைக்காமல் இருப்பார்கள். ஊரே கேட்டால் வைத்துவிடுவார்கள்.